நாய்க்குட்டிக்குத் திட்டுத் திட்டாக முடி கொட்டுகிறது, என்ன செய்வது?

ஐந்து மாதக் குட்டிக்குக் கண்ணைச் சுற்றியும் முன்னங்காலிலும் முடி கொட்டியிருக்கிறது, ஆனால் சொறியவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். அரிப்பு இல்லை என்பதுதான் இதில் முக்கியமான குறிப்பு. டெமோடெக்ஸ் என்ற கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணியாக இருக்க வாய்ப்பு அதிகம். பிறந்த முதல் சில நாட்களில், பால் குடிக்கும்போது தாயிடமிருந்து குட்டிக்கு வந்து மயிர்க்கால்களுக்குள் தங்கிவிடும். எதிர்ப்புச் சக்தி குறையும்போது பெருகும். மனிதருக்குத் தொற்றாது, இதுதான் என்று உறுதியானால் குழந்தைகள் தாராளமாகக் கொஞ்சலாம். ஓரிரு திட்டுகள் மட்டும் என்றால் பெரும்பாலும் தானாகவே ஆறிவிடும்.

ஆனால் பார்வையை மட்டும் நம்ப வேண்டாம். படர்தாமரையும் இப்படித்தான் தெரியும், அது நமக்கும் ஒட்டும். காது ஓரத்திலும் முழங்கையிலும் விடாமல் சொறிந்தால் சொறிச் சிற்றுண்ணி. வால் அடியில் கடித்துக்கொண்டே இருந்தால் தெள்ளுப்பூச்சி ஒவ்வாமை. கால்நடை மருத்துவர் தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தால் டெமோடெக்ஸ் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

அதுவரை ஸ்டீராய்டு கலந்த களிம்பு எதையும் தடவாதீர்கள், டெமோடெக்ஸ் என்றால் மோசமாகும். வண்டி ஆயில், மண்ணெண்ணெய் பூசச் சொல்வார்கள். தயவுசெய்து வேண்டாம், நக்கினால் விஷம்.