சேற்றுப் பாதையில் ஓட்ட முன்கண்ணாடி வாஷரை எப்படி மேம்படுத்துவது? பெரிய பம்ப் போட்டால் போதுமா?

போதாது. பம்பை மாற்றுவதற்கு முன்னால் செய்ய வேண்டியவை சில உண்டு. பல வண்டிகளுக்கு அவற்றைச் செய்தாலே பம்ப் மாற்றும் தேவை வராது.

சேறு படிந்த கண்ணாடிக்கு நிறையத் தண்ணீர் வேண்டும், அது வைப்பர் நகர்வதற்கு முன்பே விழ வேண்டும். வண்டியோடு வரும் அமைப்பில் லீவரை இழுத்ததும் தண்ணீரும் வைப்பரும் ஏறக்குறைய ஒன்றாகவே கிளம்பும். தூசிக்கும் பூச்சிக்கும் அது சரி. சேற்றிலோ முதல் வீச்சு பாதி நனைந்த மண்ணைக் கண்ணாடி மேல் தேய்த்துவிடும். மணலில் இருக்கும் குவார்ட்ஸ் என்ற கனிமத்தின் கடினத்தன்மை மோஸ் அளவில் (எது எதைக் கீறும் என்று காட்டும் 1 முதல் 10 வரையான வரிசை) 7, கண்ணாடியுடையது 6க்குச் சற்றுக் கீழே. அதனால் விழும் வில் வடிவக் கீறல்கள் பகலில் தெரியாது. இரவில் எதிரே ஹெட்லைட் வந்தால் கண் கூசும்.

முதலில் இருப்பதை அளந்து பாருங்கள். நாசிலுக்குப் (கண்ணாடியில் நீரைத் தெளிக்கும் முனை) போகும் ஹோஸை அதன் முனையில் கழற்றி, ஓர் அளவுக் கோப்பையில் விட்டு, 10 விநாடி பம்பை ஓடவிடுங்கள். பிறகு பம்பின் வாயிலேயே அதே சோதனை. பம்பில் நன்றாக வந்து நாசில் முனையில் குறைந்தால் இடையில் அடைப்போ கசிவோ இருக்கிறது. டீ ஜாயின்ட் (ஹோஸ் இரண்டாகப் பிரியும் T வடிவ இணைப்பு), பானெட் கீல் அருகே மடங்கும் இடம் இரண்டையும்தான் முதலில் பார்க்க வேண்டும். பம்பிலேயே குறைவென்றால் அதை டேங்கிலிருந்து உருவி, ரப்பர் புஷ்ஷுக்குள் இருக்கும் சல்லடையைக் கழுவுங்கள். அது வழவழவென்று பாசி பிடித்திருப்பது சகஜம். அப்போதும் சரியாகவில்லையா? பம்ப் ஓடும்போது அதன் பிளக்கில் வோல்டேஜ் பாருங்கள். பேட்டரியில் இருப்பதைவிட 1 வோல்ட்டுக்கு மேல் குறைந்திருந்தால் குற்றம் ஒயரிலோ எர்த்திலோ (வண்டி உடலோடு சேரும் நெகட்டிவ் இணைப்பு) இருக்கிறது, பம்பில் இல்லை.

லீவரை இழுத்து ஒரு விநாடி கழித்துத்தான் தண்ணீர் வருகிறது என்றால் ஹோஸில் நின்ற நீர் டேங்குக்குத் திரும்பி வடிந்துவிடுகிறது என்று பொருள். நாசிலுக்கு அருகில் நீரை ஒரு பக்கம் மட்டுமே விடும் நான்-ரிட்டர்ன் வால்வு ஒன்று போட்டால் தீரும். இந்த வேலைகளிலேயே மலிவானது இதுதான், பலரும் மறப்பதும் இதைத்தான்.

அடுத்து நாசில். ஒற்றைத் தாரையாக அடிக்கும் நாசில், சேற்றில் இரண்டு ஓட்டை போட்டுவிட்டு வழிந்துவிடும். விசிறியாகத் தெளிக்கும் நாசில் பரப்பு முழுவதையும் நனைக்கும். வேகமாகப் போகும்போது காற்று அதன் துளிகளை அடித்துக்கொண்டு போகும் என்பது உண்மைதான், ஆனால் சேற்றுப் பாதையில் அந்த வேகம் ஏது? வைப்பர் கையில் பொருத்தும் நாசில் பிளேடுக்கு முன்னாலேயே நீரை விடுவதால் வீணாவது குறைவு; கிளைகள் உரசும் காட்டுப் பாதையில் அதன் ஹோஸ் பிய்ந்துபோகும். நெடுஞ்சாலைக்காகக் கொஞ்சம் உயர்த்தி வைத்த நாசில் குறியை, மெதுவாக ஓட்டும் இடத்துக்கு நடுக்கண்ணாடிக்கு இறக்குங்கள்.

நாசில்களைக் கூட்டினால் ஹோஸையும் பெரிதாக்க வேண்டும். வழக்கமான ஹோஸின் உள்விட்டம் சுமார் 4 மி.மீ. பிரதான ஹோஸை 6 மி.மீ. ஆக்கினால் அதே அளவு நீருக்கு உராய்வு இழப்பு ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். டீ ஜாயின்ட்டை மட்டும் பழையதாக விட்டால் பலன் பாதி போச்சு. எஞ்சின் பக்கம் பி.வி.சி. ஹோஸ் சூட்டில் இறுகி விரிசல் விடும், சூடு தாங்கும் இ.பி.டி.எம். என்ற ரப்பர் வகை தாங்கும்.

இனி முக்கியமான மாற்றம்: வைப்பரைத் தொடாமல் பம்பை மட்டும் ஓட்டும் தனி பட்டன். அழுத்தும்வரை மட்டும் ஓடும் வகையாக இருக்கட்டும். 3, 4 விநாடி நனைத்து, இரண்டு விநாடி ஊறவிட்டு, மறுபடி நனைத்துக்கொண்டே வைப்பரைப் போட்டால் மண் கரைந்து இறங்கும். இதற்கு ஒரு 12 வோல்ட் ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்) போதும். கீழே வரும் எண்கள் ரிலேயின் கால்களில் எழுதியிருப்பவை. பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக 30, பம்புக்கு 87, எர்த்துக்கு 85. 86க்கு இரண்டு ஒயர்கள் வரும்: ஒன்று பழைய பம்ப் பிளக்கின் பாசிட்டிவ், மற்றொன்று புதிய பட்டன். ஒவ்வொன்றிலும் மின்சாரத்தை ஒரு பக்கம் மட்டும் விடும் ஒரு 1என்4007 டையோடு, வெள்ளிக் கோடு ரிலே பக்கம் பார்த்திருக்க வேண்டும். டையோடு இல்லாவிட்டால் பட்டனின் மின்சாரம் பழைய ஒயர் வழியே திரும்பிப் போய் வைப்பரைக் கிளப்பலாம், ஃபியூஸையும் எரிக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. பின்கண்ணாடி வாஷரும் உள்ள பல வண்டிகளில் ஒரே பம்ப் இருபக்கமும் சுழலும். பாசிட்டிவும் நெகட்டிவும் இடம் மாறினால் நீர் பின்னால் போகும். அப்படிப்பட்டதை ரிலேயில் இணைத்தால் பின்பக்கம் செத்துவிடும். பழைய பம்பைப் பின்னுக்கே விட்டு, அதன் முன்வாயை அடைத்து, முன்கண்ணாடிக்குத் தனிப் பம்ப் வையுங்கள். பாசிட்டிவுக்குப் பதில் எர்த் பக்கம் சுவிட்ச் ஆகும் வண்டிகளுக்கு மேலே சொன்ன இணைப்பு பொருந்தாது, மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டே தொடங்குங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் நீர் போதாவிட்டால் கேரவன்களில் குழாய்க்கு வைக்கும் 12 வோல்ட் டயாஃப்ரம் பம்ப் நல்ல தேர்வு. நிமிடத்துக்கு 4 லிட்டர் வகை தாராளம். தானே உறிஞ்சும் என்பதால் டேங்குக்கு மேலேகூட வைக்கலாம். சாதாரண பம்ப் நீர்மட்டத்துக்குக் கீழேதான் இருக்க வேண்டும். உறிஞ்சும் பக்கம் சல்லடை கட்டாயம். ஒவ்வொரு இணைப்பிலும் கிளாம்ப் போடுங்கள், இல்லையேல் சும்மா செருகிய ஹோஸ் முதல் அழுத்தத்திலேயே கழன்று எஞ்சினைக் குளிப்பாட்டும். ஒயர் 1.5 சதுர மி.மீ.க்குக் குறையக் கூடாது. ஃபியூஸ் பம்பில் எழுதியிருக்கும் அளவு.

டேங்க் கணக்கை உங்கள் கோப்பைச் சோதனையே சொல்லும். 10 விநாடிக்கு 250 மி.லி. என்றால் 4 லிட்டர் டேங்க் மூன்று நிமிடம்கூடத் தாங்காது. கூடுதல் டேங்கைப் பழையதோடு அடியில் ஹோஸ் போட்டு இணைப்பது எளிது, இரண்டும் ஒரே உயரத்தில் இருந்தால் மட்டும். ஒன்று மேலே இருந்தால் அதிலுள்ளது முழுவதும் கீழே இறங்கி மூடி வழியாக வழிந்தோடும். பின்பக்கம் உயரத்தில் வைப்பதென்றால் நடுவில் ஒரு வால்வு வேண்டும். காற்றுத் துளை இல்லாத டேங்கில் பம்ப் திணறும். துளையிலிருந்து சிறு ஹோஸை மேலே கொண்டுபோய் வளைத்து விட்டால் சேறு ஏறாது. 10 லிட்டர் என்பது 10 கிலோ, குலுங்கும் பாதையில் ஒயர் கட்டும் பிளாஸ்டிக் டேக் அதைத் தாங்காது.

பாத்திரம் கழுவும் சோப்பை ஊற்றாதீர்கள், நுரை வந்தால் பம்ப் காற்றைத்தான் சுழற்றும். வெவ்வேறு வாஷர் திரவங்களைக் கலந்தால் சில சமயம் கூழாகத் திரண்டு சல்லடையை அடைக்கும். வழியில் ஓடை நீரை நிரப்ப நேர்ந்தால் துணியில் வடிகட்டுங்கள். நின்ற இடத்தில் எல்லாம் பிளேடின் ரப்பர் விளிம்பை ஈரத்துணியால் ஒருமுறை இழுத்துத் துடைத்துவிடுங்கள்; அங்கே ஒட்டியிருக்கும் மண்ணை எந்தப் பம்பும் கழுவாது.