ஞ-வுக்கு ஒரு வேலை

கேள்வி: லிவர்பூல் கால்பந்து அணியில் புலியாக இருந்த ஸ்பெயின்காரர் 'எல் நினோ' ஃபெர்னாண்டோ டோரஸ், 50 மில்லியன் பவுண்டுக்குச் செல்சிக்கு வந்ததும் பூனையாகிவிட்டாரே, ஏன்? பணம்தான் கெடுத்ததா?

– பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட செல்சி ரசிகர், காரைக்குடி

பதில்: முதலில் அந்த 'நினோ'வைச் சரிசெய்துவிட்டு டோரஸிடம் வருகிறேன். வர நேரமாகலாம்; பெயர் போடாமல் கேள்வி கேட்டவர் கொஞ்சம் காத்திருந்தால் குறைந்துவிட மாட்டார்.

அது நினோ இல்லை ஐயா, நிஞ்ஞோ. ஸ்பானிய மொழியில் னகரத்தின் தலைமேல் புழு நெளிவதுபோல ஒரு கோடு போட்ட எழுத்து உண்டு. அந்தக் காலத்தில் ஏடு எழுதியவர்கள் னகரத்தை இரண்டு தடவை எழுதச் சோம்பல்பட்டு, ஒன்றை எழுதி அதன் தலையில் கோடு இழுத்துவிட்டார்கள். கோடு நிலைத்துவிட்டது. அதன் ஒலி சாட்சாத் நம்முடைய ஞ. ஆங்கிலேயனிடம் அந்த எழுத்து இல்லை. கோட்டைத் துடைத்துவிட்டு எழுதினான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். எழுத்தைக் கையிலேயே வைத்திருக்கிற நாம் அவனைப் பார்த்து 'நினோ' என்று எழுதுகிறோமே, வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்பது இதுதான்.

ஞ-வின் நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஞாயிறு, ஞானம், ஞாபகம் என்று மூன்று வீட்டில் சாப்பிட்டு உயிரோடிருக்கிறது. பிள்ளைகளின் அரிச்சுவடி அட்டையில் அதற்குப் படம் கிடைக்காமல், சொல்லுக்கு நடுவில் வந்தாலும் பரவாயில்லை என்று இஞ்சியை வரைந்து ஒப்பேற்றுகிறார்கள். இப்படி வேலையில்லாமல் கிடக்கும் எழுத்துக்கு ஒரு நாடே வேலை வைத்திருக்கிறது. ஸ்பெயின் என்பது ஆங்கிலேயன் வைத்த பெயர். அந்த ஊர்க்காரர்கள் சொல்வது எஸ்பாஞ்ஞா. ஐயா என்பதற்கு செஞ்ஞோர். நாளை என்பதற்கு மஞ்ஞானா. (இந்தக் கடைசிச் சொல்லின் முழுப் பொருள் தெரிய வேண்டுமானால், இதழ் எப்போது அச்சாகி வரும் என்று எங்கள் அச்சகத்தில் கேட்டுப் பாருங்கள்.)

இதில் எனக்கு ஒரு பழைய வழக்கு இருக்கிறது. பத்து வருஷமாக ஒரு தமிழறிஞரோடு கடிதச் சண்டை. தமிழில் அயல்பெயர்களை எழுத எழுத்து போதாது, இன்னும் நாலு எழுத்தாவது சேர்க்க வேண்டும் என்பது அவர் கட்சி. இருக்கிற எழுத்தை முதலில் செலவழியுங்கள் என்பது என் கட்சி. கடைசியாக வந்த கடிதத்தில் அவர் என் பெயரையே தப்பாக எழுதியிருந்தார். அதற்கு எந்தப் புது எழுத்தும் தேவையில்லை, கண்ணாடி மாற்றினால் போதும்.

ஸ்பெயின்காரர்கள் நம்மைப்போல் அல்ல. விற்கிற கணினி விசைப்பலகைகளில் இந்தக் கோடு போட்ட எழுத்து இருந்தே ஆக வேண்டும் என்று அங்கே ஒரு விதி இருந்தது. 1991-இல் ஐரோப்பியச் சமூகம், அந்த விதி வணிகத்துக்கு இடைஞ்சல், எடுங்கள் என்றது. எழுத்தாளர்கள் உட்பட எல்லோரும் கொதித்தார்கள். 1993-இல், ஐரோப்பிய ஒன்றியத்தை உருவாக்கிய மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தத்தில் பண்பாட்டுக்கென்று இருந்த விலக்கைக் காட்டி, சட்டமே போட்டு எழுத்தைக் காப்பாற்றிக்கொண்டார்கள். ஒரு எழுத்துக்காக! இங்கே ஒரு எழுத்து விட்டுப்போனால் சரிபார்க்கிறவரே கண்டுகொள்வதில்லை.

சரி, நிஞ்ஞோ என்றால் சிறுவன். பெரு நாட்டு மீனவர்கள் கிறிஸ்துமஸை ஒட்டிக் கடலில் வந்துசேரும் வெந்நீரோட்டத்துக்குக் குழந்தை இயேசுவின் பெயராக அதை வைத்தார்கள். அதுதான் வளர்ந்து உலக வானிலையையே ஆட்டிவைக்கிறது. தென்மேற்குப் பருவமழை பொய்த்தாலும் நாம் அந்தப் பையனைத் திட்டுகிறோம், அதே வருஷம் வடகிழக்குப் பருவமழை கூரைவரை கொட்டினாலும் அவனையே திட்டுகிறோம். 2015-ஐச் சென்னைக்காரர்களிடம் கேளுங்கள்.

டோரஸுக்கு அந்தப் பெயர் வந்தது முகத்தால். மாட்ரிட்டை ஒட்டிய ஃபுவென்லாப்ராதாவில் 1984-இல் பிறந்தவர். அண்ணனைப் பார்த்து முதலில் கோல்கீப்பராக நின்றார். அப்புறம் ஜப்பானியக் கால்பந்து கார்ட்டூன் பார்த்து, கோல் போடுகிறவனாக வேண்டும் என்று ஆசைப்பட்டார். தாத்தா அத்லெட்டிகோ மாட்ரிட் வெறியர், பேரனும் அப்படியே. 2001-இல் அந்த அணி இரண்டாம் பிரிவில் விழுந்து கிடந்தபோது 17 வயதில் இறக்கிவிட்டார்கள். பால் வடியும் முகம், மஞ்சள் முடி. பையன் என்று கூப்பிடாமல் வேறு என்ன சொல்வார்கள்? 19 வயதில் அந்தப் பையனே கேப்டன்.

2007-இல் லிவர்பூல். முதல் வருஷமே லீக்கில் மட்டும் 24 கோல். அடுத்த கோடையில் வியன்னாவில், ஐரோப்பிய நாடுகள் மோதும் யூரோ கோப்பையின் இறுதியாட்டம். சக ஆட்டக்காரர் சாவி தள்ளிய பந்துக்கு ஜெர்மனியின் லாம்தான் முன்னால் இருந்தார். டோரஸ் பின்னாலிருந்து வந்து, அவரைச் சுற்றிக்கொண்டு முந்தி, பாய்ந்து வந்த கோல்கீப்பர் லேமனுக்கு மேலாகப் பந்தைத் தூக்கிப் போட்டார். 44 வருஷத்துக்குப் பிறகு ஸ்பெயினுக்கு ஒரு கோப்பை.

அந்த கோலை இன்னொரு தடவை பாருங்கள், உங்கள் கேள்விக்குப் பதில் அதிலேயே இருக்கிறது. டோரஸின் சொத்து முழுவதும் அந்த முதல் நாலு எட்டுதான். தனக்கு முன்னால் கிடக்கும் வெட்டவெளியில் யாரோ பந்தைத் தள்ளிவிட, பின்னாலிருந்து புறப்பட்டவர் முன்னால் போய்ச் சேர்வார். 2010 ஜனவரியில் முழங்காலில் அறுவை சிகிச்சை, ஏப்ரலில் மறுபடியும். அதே கோடையில் உலகக் கோப்பைக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். ஒரு கோலும் இல்லை. இறுதியாட்டத்தின் கூடுதல் நேரத்தில் மாற்று ஆட்டக்காரராக வந்து தசைபிடித்துப் படுத்தார். நாலு எட்டில் ஒரு எட்டு போய்விட்டது. முன்னால் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தவர், இப்போது கூடவே போய்ச் சேர்ந்தார். இந்த ஆட்டத்தில் கூடவே போவதற்குப் பெயர் தாமதம். போதாததற்கு, செல்சி வெட்டவெளியில் பந்தைத் தள்ளிவிட்டு ஓடச் சொல்லும் அணி அல்ல. முன்கள ஆட்டக்காரர் துரோக்பாவின் நெஞ்சில் பந்தை மோதவைத்து ஆடிப் பழகிய அணி.

ஆகவே பணம் கெடுக்கவில்லை. பணம் செய்தது வேறு. 2011 ஜனவரி 31-ஆம் தேதி பிரிட்டன் அதுவரை கொடுத்திராத விலையைக் கொடுத்து வாங்கியதும், எல்லோரும் எண்ண ஆரம்பித்துவிட்டார்கள். (அதே நாளில் லிவர்பூல் 35 மில்லியன் கொடுத்து ஆண்டி கரோலை வாங்கியது. அதைப் பற்றி லிவர்பூல் ரசிகர் யாரும் எனக்குக் கேள்வி அனுப்புவதில்லை.) செல்சிக்காக முதல் கோல் விழுந்தபோது, கோலே இல்லாமல் 903 நிமிடம் ஓடியிருந்தது. நான் உருப்படியாக ஒரு தலையங்கம் எழுத எத்தனை நிமிடம் எடுத்துக்கொண்டேன் என்று யாராவது எண்ணியதுண்டா? எனக்கு அந்தச் சம்பளம் கிடையாது என்பதுதான் காரணம்.

அந்த முதல் கோல் விழுந்த விதம் என் கட்சிக்குச் சாதகமானது. ஏப்ரல் 23, வெஸ்ட் ஹாம் அணியோடு ஆட்டம். பத்திரிகைகள் வாரக்கணக்காக 'கோல் வறட்சி' என்று எழுதிக்கொண்டிருந்தன. அன்றைக்குப் பார்த்துக் கொட்டோ கொட்டென்று மழை. மைதானத்தில் ஆங்காங்கே குட்டை. 84-ஆவது நிமிடம், சக ஆட்டக்காரர் அனெல்காவிடமிருந்து வந்த பந்து ஓடிப்போகாமல் தண்ணீரில் நின்றுவிட்டது. டோரஸ் அதற்கு அப்பால் போய்விட்டு, திரும்பி, அடித்தார். கோல். நிஞ்ஞோ வந்தால் வறட்சியும் வரும் மழையும் வரும் என்று பெருவில் ஒரு மீனவரைக் கேட்டிருந்தால் முன்னாடியே சொல்லியிருப்பார். இன்னொன்று: தோர்ரெஸ் என்றால் ஸ்பானிய மொழியில் கோபுரங்கள். கோபுரத்தைக் கரையேற்றியது ஒரு குட்டை.

செப்டம்பரில் மான்செஸ்டர் யுனைடெட்டின் மைதானமான ஓல்ட் டிராஃபோர்டில் கோல்கீப்பர் டி ஹேயாவைத் தாண்டிப் போய், ஆளில்லாத கோலுக்கு வெளியே அடித்தாரே, அதைத்தான் இன்றைக்கும் எல்லோரும் ஃபோனில் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். அதே ஆட்டத்தில் அவர் ஒரு கோல் போட்டிருந்தார், அதை யாரும் அனுப்புவதில்லை.

இப்போது உங்கள் புலி, பூனைக்கு வருவோம். லிவர்பூலில் 142 ஆட்டம், 81 கோல். கோப்பை? ஒன்றுகூட இல்லை. செல்சியில் 172 ஆட்டம், 45 கோல். எஃப்.ஏ. கோப்பை, சாம்பியன்ஸ் லீக், யூரோப்பா லீக் என்று மூன்று கோப்பை. பால் குடித்தது பூனைதான் ஐயா. 2012 சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில், பார்சிலோனாவில் ஆள் குறைந்து, மூச்சு வாங்கிக்கொண்டிருந்த செல்சிக்கு, கடைசி நேரத்தில் அரை மைதானத்தைத் தனியாக ஓடிக் கடந்து கோல் போட்டவர் யார்? மியூனிக் இறுதியாட்டத்தில் துரோக்பா தலையால் முட்டிச் சமன் செய்தாரே, அந்த கார்னரைச் சம்பாதித்துக் கொடுத்தவர் யார்? செல்சி ரசிகர் பெயர் போடாமல் எழுதியதற்குக் காரணம் இப்போது புரிகிறது. அந்த வருஷம் லீக்கில் 6 கோல்தான் என்று கணக்குக் காட்டுவீர்கள். அடுத்த மாதமே யூரோ 2012-இல் 189 நிமிடம் ஆடி, 3 கோல் போட்டு, அதிக கோலுக்கான தங்கக் காலணி வாங்கினார். அதில் ஒன்று இறுதியாட்டத்தில். அடுத்தடுத்த இரண்டு யூரோ இறுதியாட்டங்களில் கோல் போட்ட முதல் ஆள் உங்கள் பூனைதான்.

எனக்கு அவருடைய கதையில் உறுத்துவது செல்சி அல்ல, அத்லெட்டிகோ. அவர் இருந்தவரை அந்த அணிக்குப் பெரிய கோப்பை எதுவும் கிடைக்கவில்லை. அவர் கிளம்பினார், 2010-இல் யூரோப்பா லீக்கை ஜெயித்தார்கள். அரையிறுதியில் வெளியேற்றியது லிவர்பூலை. 2014-இல் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் செல்சியையும் வெளியேற்றினார்கள். அன்றைக்கு முதல் கோல் டோரஸ் போட்டதுதான், கொண்டாடவில்லை. 2015-இல் திரும்பிப் போனபோது வரவேற்க 45,000 பேர் வந்தார்கள். 2018-இல் லியோனில் யூரோப்பா லீக் இறுதியாட்டம். மார்செய் அணிக்கு எதிராக 3-0 என்று முடியப்போகிற நேரம், 90-ஆவது நிமிடத்தில் இறக்கிவிட்டார்கள். கேப்டன் காபியோடு சேர்ந்து கோப்பையைத் தூக்கினார். 34 வயதுப் பையன்.

அப்புறம் ஜப்பான், சாகன் டோசு அணி. கார்ட்டூன் வந்த ஊருக்கே போய்ச் சேர்ந்துவிட்டார். 2019 ஆகஸ்டில் கடைசி ஆட்டம், எதிரணியில் ஸ்பெயின் அணியின் பழைய கூட்டாளி இனியெஸ்டா. 1-6 என்று தோற்றார்கள்.

சரிபார்ப்பவர் கவனத்துக்கு: மேலே வந்த 'ஞ்ஞோ' எல்லாம் தெரிந்து எழுதியவை. கை வைக்க வேண்டாம்.