எஸ்டோனியன், கெச்சுவா: ஒன்றைக் கற்றால் மற்றது இலவசமா?

கேள்வி: என் மகள் மொழியியல் முதுகலை படிக்கிறாள். ஐரோப்பாவின் எஸ்டோனியனையும் தென் அமெரிக்காவின் கெச்சுவாவையும் ஒப்பிட்டு ஆய்வேடு எழுத ஆசைப்படுகிறாள். ஆன்லைனில் வகுப்பெடுக்கும் ஒருவர், "இரண்டும் ஒட்டுநிலைக் குடும்பம். ஒன்றைப் பிடித்தால் மற்றது தானாக வரும். ஆறு மாதத்தில் இரண்டுக்கும் சான்றிதழ்" என்கிறார். முன்பணம் கேட்கிறார். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள் ஐயா. மகளின் தலைப்பில் தவறில்லை, அந்த ஆளிடம்தான் தவறு.

ஒட்டுநிலை என்றால் வேர்ச்சொல்லின் பின்னால் உருபுகளை வரிசையாக ஒட்டிக்கொண்டு போவது. தமிழும் அப்படித்தான், துருக்கியும் அப்படித்தான். மீசை வைத்தவர்கள் எல்லாரும் பங்காளிகள் ஆகிவிடுவார்களா? உறவை நிரூபிக்க வேறு சான்று வேண்டும். எஸ்டோனியனில் மீன் 'கலா', மூன்று 'கோல்ம்'. ஹங்கேரியனில் மீன் 'ஹால்', மூன்று 'ஹாரோம்'. அங்கே க வரும் இடத்தில் இங்கே ஹ. இப்படிச் சொல்லுக்குச் சொல் ஒழுங்காக மாறுவதால்தான் அவை இரண்டும் யூராலிக் என்ற ஒரே மொழிக்குடும்பம் என்கிறோம். கெச்சுவாவில் மீன் 'சல்வா', மூன்று 'கிம்சா'. ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இணையத்தில் பத்துச் சொற்களை அருகருகே வைத்து "பாருங்கள், ஒரே மாதிரி" என்று படம் காட்டுகிறவர்களை நம்ப வேண்டாம். எந்த இரண்டு மொழியை எடுத்தாலும் பத்துச் சொல் தேறும்.

கற்பதிலும் இரண்டும் இரண்டு துருவம். எஸ்டோனியனுக்கு 14 வேற்றுமை என்று மிரட்டுவார்கள். முதல் மூன்றைப் பிடித்தால் போதும், மற்றவை இரண்டாவதன் மேல் உருபு ஒட்டுவதுதான். நாம் மரம், மரத்து, மரத்தில் என்கிற மாதிரி, அவர்களுக்கு அறை 'துபா', அறையின் 'தோவா', அறையில் 'தோவாஸ்'. சிக்கல் எங்கே என்றால், துபா எப்படித் தோவா ஆனது என்பதைச் சொல்லுக்குச் சொல் நெட்டுரு போட வேண்டும். உச்சரிப்பில் குறில், நெடில் போதாது, அளபெடை மாதிரி மூன்றாவது நீளமும் உண்டு. நகரத்தின் என்பதற்கும் நகரத்துக்குள் என்பதற்கும் எழுத்தில் ஒரே 'லின்னா'தான். இரண்டாவதில் ன் கூடுதலாக இழுபடும். காதால் கேட்டுத்தான் பழக வேண்டும், பிடிஎஃப்பில் வராது.

கெச்சுவாவில் அந்தத் தொல்லை கிடையாது. வீடு 'வாசி', என் வீடு 'வாசிய்', என் வீடுகளில் 'வாசிய்குனபி'. வேர் அசையாது. ஒரே ஒரு விலக்கு மட்டும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் மாணவர்கள் எல்லாரும் இங்கேதான் விழுகிறார்கள். உயிரில் முடியும் சொல்லோடு உடைமை உருபு நேராகச் சேரும். மெய்யில் முடிந்தால் நடுவில் ஒரு 'நி' நுழையும். இரத்தம் 'யாவர்', என் இரத்தம் 'யாவர்நிய்'. உன் இரத்தம் என்றாலும் அதே 'நி': 'யாவர்நிய்கி'. அவருடையது 'யாவர்நின்'. இந்த 'நி'க்குத் தனிப் பொருள் எதுவும் இல்லை, நம் சாரியை மாதிரிதான். ஆய்வேட்டின் பட்டியலில் இதற்குத் தனியாகப் பொருள் எழுதினால், விஷயம் தெரிந்தவர் அங்கேயே மூடிவைத்துவிடுவார்.

அதைவிடப் பெரிய பொறி, 'கெச்சுவா' என்கிற பெயர். அது ஒரு மொழியே இல்லை, ஒரு மொழிக்குடும்பம். பெருவில் குஸ்கோக்காரரும் அன்காஷ்காரரும் அவரவர் பேச்சில் பேசினால் ஒருவருக்கொருவர் புரியாது. நான் மேலே சொன்னது குஸ்கோ வகை. ஈக்வடாரில் பேசும் கிச்வாவில் அந்த உடைமை உருபுகளே போய்விட்டன. நாம், நாங்கள் என்று நம்மைப் போலவே பிரித்துச் சொல்லும் வழக்கமும் அங்கே இல்லை, குஸ்கோவில் இருக்கிறது. ஒரு வகையின் புத்தகத்தையும் இன்னொரு வகையின் ஒலிப்பதிவையும் சேர்த்து 'முழு கெச்சுவா பேக்கேஜ்' என்று விற்கிறவர்கள் நிறையப் பேர். எந்த வகை என்று கேளுங்கள். உடனே ஊர்ப் பெயர் வரவில்லை என்றால் போனை வைத்துவிடலாம்.

கெச்சுவாவின் எழுத்துமுறை இன்னொரு தலைவலி. 1560-லேயே இலக்கணம் அச்சேறிய மொழி, 1975-ல் பெருவில் ஆட்சிமொழி ஆன மொழி. இன்றைக்கும் மூன்று உயிரெழுத்தா ஐந்தா என்று சண்டை ஓயவில்லை. அரசு மூன்று என்கிறது, குஸ்கோவின் கெச்சுவா மொழி அகாதமி ஐந்து என்கிறது. இடையில் பள்ளிப் பிள்ளைகள் மாட்டிக்கொள்கிறார்கள். மகள் ஒரு முறையை எடுத்துக்கொண்டு, எது என்று முதல் பக்கத்திலேயே எழுதிவிடட்டும்.

சரி, எதைத்தான் ஒப்பிடுவது? 14 வேற்றுமைக்கு எதிரே இத்தனை என்று அட்டவணை போடுவதில் சாரமில்லை. 'ஆம்' விகுதியை எடுக்கச் சொல்லுங்கள். மழை பெய்கிறதாம் என்கிறோமே, அது கெச்சுவாவில் 'பராஷன்சி'. கடைசியில் வரும் 'சி'தான் நம் 'ஆம்'. தானே பார்த்திருந்தால் வேறு உருபு, ஊகமென்றால் இன்னொன்று. எஸ்டோனியனிலும் கேள்விப்பட்டதற்கு வினையில் 'வாத்' என்று ஒரு விகுதி உண்டு: 'தா ஒலெவாத் ஹைகே', அவருக்கு உடம்பு சரியில்லையாம். எஸ்டோனியனில் அது வினையை விட்டு நகராது. கெச்சுவாவில் அழுத்தம் விழும் எந்தச் சொல்லோடும் ஒட்டிக்கொள்ளும். ஒரு நல்ல ஆய்வேட்டுக்கு இது போதும், தமிழ் தெரிந்தவர் என்பது அவளுக்குக் கூடுதல் பலம்.

இரண்டு மொழியில் ஒன்றுகூடத் தெரியாத நெறியாளர் இப்படித் தலைப்புகளுக்குக் கையெழுத்துப் போடுவது நம் பல்கலைக்கழகங்களில் சகஜம். அதனால்தான் இந்தத் தரகர்கள் பிழைக்கிறார்கள். இரண்டையும் பேசக் கற்றாக வேண்டும் என்று யாரும் கேட்கப்போவதில்லை. ஆய்வேட்டுக்குத் தேவை நல்ல இலக்கண நூல்களும் நம்பகமான எடுத்துக்காட்டு வாக்கியங்களும்.

எஸ்டோனியன் பழக 'கேலெக்லிக்' என்ற இணையப் பாடம் இலவசம், ஆங்கிலம் வழியாகவே படிக்கலாம். 'சோனவேப்' அகராதியும் இலவசம், ஒவ்வொரு சொல்லின் வடிவங்களும் அதில் உண்டு. எஸ்டோனியன் தேர்வை அந்நாட்டு அரசே நடத்துகிறது. குடியுரிமைக்குக் கேட்கும் பி1 நிலை, அதாவது நடுத்தரத் தேர்ச்சி, அதில் வருவது. தனியார் வகுப்பில் அச்சடித்துத் தரும் தாளுக்கு அங்கே மதிப்பில்லை. முன்பணம் ஏற்கெனவே போய்விட்டது என்றால், எந்த வகை கெச்சுவா என்று எழுத்தில் கேட்டு, பதில் வராவிட்டால் அதையே காரணமாகக் காட்டிப் பணத்தைத் திரும்பக் கேளுங்கள்.