டை ராட் எண்ட் மாற்றிய பிறகு ஸ்டீயரிங் கோணலாக நிற்கிறது. வீல் அலைன்மெண்டை வீட்டிலேயே செய்ய முடியுமா?

முடியும், ஆனால் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரங்களின் முன்பக்கம் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு) மட்டும்தான். நீங்கள் கேட்டிருப்பதைப் பார்த்தால் உங்களுக்கு வேண்டியதும் அதுதான். முன்சக்கர இழுவை உள்ள சின்ன ஹேட்ச்பேக், வலது டை ராட் எண்ட் (சக்கரத்தைத் திருப்பும் தண்டின் நுனி மூட்டு) புதிது, நேர் ரோட்டில் ஸ்டீயரிங் இடப்பக்கம் சாய்ந்து நிற்கிறது. புது எண்ட் பழையதைவிட ஓரிரு சுற்று கூடுதலாக ஏறிவிட்டால் டை ராட் குட்டையாகிவிடும். வலது சக்கரத்தின் முன்பக்கம் வெளியே திரும்பும். அதை ஈடுகட்டத்தான் ஸ்டீயரிங்கை இடப்பக்கம் பிடித்து ஓட்ட வேண்டியிருக்கிறது. (ஸ்டீயரிங் ரேக், அதாவது ஸ்டீயரிங் திருப்பலை டை ராடுகளுக்குக் கொண்டுசெல்லும் பல்தண்டு, சக்கர அச்சுக்குப் பின்னால் இருக்கும் வண்டிக்கு இது பொருந்தும், சின்னக் கார்களில் பெரும்பாலும் அப்படித்தான். முன்னால் இருந்தால், டை ராடை நீட்டுவதையும் குறுக்குவதையும் பற்றி இங்கே சொல்வதை மாற்றி எடுத்துக்கொள்ளுங்கள்.)

கேம்பர் (சக்கரத்தின் மேற்பக்கம் உள்ளே அல்லது வெளியே சாயும் கோணம்), காஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சு முன் பின்னாகச் சாயும் கோணம்) இரண்டையும் மறந்துவிடுங்கள். ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) வைத்த இந்த மாதிரி வண்டிகளில் பெரும்பாலும் அவற்றுக்கென்று திருகு எதுவும் இல்லை. அவை தவறியிருந்தால் ஏதோ ஒன்று வளைந்திருக்கிறது அல்லது தேய்ந்திருக்கிறது என்று பொருள்.

ஸ்பேனரைத் தொடும் முன் ஆட்டம் பாருங்கள். முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, கீழே ஸ்டாண்டு கொடுத்துவிட்டு, டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங் அல்லது பால் ஜாயிண்ட். இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆட்டம் தெரிந்தால் டை ராட் எண்ட் அல்லது ரேக்குக்குள் இருக்கும் உள் ஜாயிண்ட். லோயர் ஆர்ம் புஷ் கிழிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். 2 மி.மீ. ஆட்டம் உள்ள வண்டியில் 1 மி.மீ. டோ வைப்பதில் அர்த்தமில்லை. பழுதை முதலில் மாற்றுங்கள்.

பிறகு காற்று. கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவு நான்கு டயரிலும் இருக்கட்டும். தரை சமமாக வேண்டும். கொத்தனார் வைத்திருக்கும் டியூப் மட்டம் கிடைத்தால் நான்கு சக்கரமும் நிற்கும் இடத்தைச் சரிபார்த்துவிடலாம். ஸ்டீயரிங்கை ஒரு கடைசியிலிருந்து மறு கடைசிவரை திருப்பிச் சுற்றுகளை எண்ணி, சரிபாதியில் நிறுத்துங்கள். அதுதான் ரேக்கின் நடு. அங்கே ஸ்டீயரிங் வீல் நேராக இருந்தால் நல்லது. இல்லையென்றால் யாரோ வீலைக் கழற்றித் தப்பான பல்லில் மாட்டியிருக்கிறார்கள். அதை முதலில் சரிசெய்ய வேண்டும். நடுவில் நிறுத்திய பின் சீட்டுக்கும் ஸ்டீயரிங்குக்கும் இடையே ஒரு கட்டை கொடுத்து அசையாமல் பிடிக்க வையுங்கள்.

இப்போது நூல். ஒரே மாதிரியான இரண்டு பைப்புகள், ஒவ்வொன்றும் 2 மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். இரண்டையும் டேப் போட்டு ஒன்றாகக் கட்டி, ஆக்ஸா பிளேடால் 190 செ.மீ. இடைவெளியில் இரண்டு வெட்டுப் போடுங்கள். சேர்த்து வெட்டுவதால் இரண்டு பைப்பிலும் இடைவெளி துல்லியமாக ஒன்றாகவே இருக்கும். இந்த முறையின் உயிரே அதில்தான். ஒரு பைப்பை வண்டிக்கு முன்னால், மற்றதைப் பின்னால், சக்கர மையத்தின் உயரத்தில் செங்கல் அடுக்கி வையுங்கள். 14 அங்குல ரிம் வண்டியில் அது தரையிலிருந்து ஏறக்குறைய 28 செ.மீ. கொத்தனார் நைலான் நூலை வெட்டுகளில் போட்டு, நுனிகளில் அரைக் கிலோ எடை ஏதாவது தொங்கவிடுங்கள். நூல் விறைப்பாகவும் இருக்கும், தற்செயலாக இடித்தாலும் திரும்பத் தன் இடத்துக்கே வரும்.

அடுத்து பைப்புகளை இடம் வலமாக நகர்த்தி, நூலிலிருந்து சக்கர மையம்வரை உள்ள தூரம் முன்னால் இரண்டு பக்கமும் சமம், பின்னால் இரண்டு பக்கமும் சமம் என்று கொண்டுவாருங்கள். முன்னதும் பின்னதும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. பெரும்பாலான வண்டிகளில் முன்சக்கரங்களுக்கு இடையே உள்ள அகலமும் பின்சக்கரங்களுக்கு இடையே உள்ள அகலமும் வேறு. இங்கேதான் நிறையப் பேர் தவறுகிறார்கள். நூலைப் பின் டயரில் உரசவைத்து, அதை நேர்கோடு என்று எடுத்துக்கொண்டு முன்சக்கரத்தை அளந்தால் முன் டோ தவறாகவே வரும்.

அளப்பது ரிம் விளிம்பில், டயரில் அல்ல. டயரின் பக்கச் சுவரில் எழுத்தும் புடைப்பும் இருக்கும். சக்கர மைய உயரத்தில் ரிம்மின் முன் விளிம்பிலிருந்து நூலுக்கு ஒரு அளவு, பின் விளிம்பிலிருந்து ஒரு அளவு. ஸ்டீல் ஸ்கேலை ரிம்மில் முட்டவைத்து, நூலைத் தொடாமல் அதற்கு அடியில் நீட்டி, நேர் மேலிருந்து பாருங்கள். பக்கவாட்டில் பார்த்தால் 1 மி.மீ. எளிதாகப் பிசகும். அரை மி.மீ. வரை படிக்கப் பழகுங்கள். முன் விளிம்பின் தூரம் கூடுதலாக இருந்தால் டோ இன் (முன்பக்கம் உள்ளே), குறைவாக இருந்தால் டோ அவுட் (முன்பக்கம் வெளியே). இடது, வலது வித்தியாசங்களைக் கூட்டினால் மொத்த டோ. நூல் செவ்வகம் லேசாகக் கோணிப் போனாலும் இந்த மொத்தம் மாறாது. ஒரு பக்கம் கூடுவது மறுபக்கம் குறையும்.

ரிம் நெளிந்திருந்தால்? பள்ளம் நிறைந்த ரோட்டில் ஓடிய ஸ்டீல் ரிம் நெளியாமல் இருப்பதே அபூர்வம். அளந்த இரண்டு புள்ளிகளிலும் சாக்பீஸ் குறி வைத்து, நூலை எடுத்துவிட்டு, சக்கரம் அரைச் சுற்று சுற்றும்வரை வண்டியை உருட்டி, மறுபடி அளந்து சராசரி எடுங்கள். நெளிவு தானாகவே கழிந்துவிடும்.

எவ்வளவு வைப்பது என்பதற்கு உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவல்தான் ஆதாரம். அதில் உள்ள எண் ஒரு சக்கரத்துக்கா, மொத்தத்துக்கா என்று கவனியுங்கள். டிகிரியில் இருந்தால், 14 அங்குல ரிம்மின் விளிம்பு முதல் விளிம்பு சுமார் 39 செ.மீ.; 0.1 டிகிரி என்பது அதில் ஏறக்குறைய 0.7 மி.மீ. மேனுவல் கிடைக்கவில்லை என்றால், முன்சக்கர இழுவை சின்ன வண்டிக்கு மொத்தம் 0 முதல் 1 மி.மீ. டோ இன் பாதுகாப்பானது.

திருப்புவதற்குக் கணக்கு உண்டு. டை ராட் மரையின் புரி (ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்) 1.5 மி.மீ., ஸ்டீயரிங் கை (டை ராட் எண்ட் மாட்டும் சக்கரப் பக்கக் கை) நீளம் 12.5 செ.மீ. என்று வைத்தால், ஒரு முழுச் சுற்று ரிம் அளவில் சுமார் 4.7 மி.மீ. மாற்றும். கால் சுற்று 1.2 மி.மீ. ஆகவே குருட்டாம்போக்கில் இரண்டு சுற்று திருப்பாதீர்கள். டை ராடில் பெயிண்டால் ஒரு கோடு போட்டுவிட்டு, கால் சுற்றாக எண்ணித் திருப்புங்கள்.

எண்டை டை ராடில் அசையாமல் பிடிக்கும் லாக் நட்டுக்கு முந்தின இரவே துரு இளக்கும் ஸ்பிரே அடித்துவிடுங்கள். பக்கத்தில் பால் ஜாயிண்ட் ரப்பர் இருப்பதால் நெருப்புக் காட்டாதீர்கள். ஒரு ஸ்பேனரால் எண்டைப் பிடித்துக்கொண்டு, 19 அல்லது 22 ஸ்பேனரால் நட்டைத் தளர்த்துங்கள் (அளவு வண்டிக்கு வண்டி மாறும்). எண்டைக் கழற்ற வேண்டாம். திருப்புமுன் ரேக் பூட் என்ற மடிப்பு ரப்பர் உறையின் சின்னக் கிளிப்பைத் தளர்த்துங்கள். விட்டுவிட்டால் டை ராடோடு சேர்ந்து பூட் முறுக்கிக்கொள்ளும், சில மாதத்தில் கிழியும், மழைத் தண்ணீர் ரேக்குக்குள் போகும். எண்ட் விலையில் முடிந்திருக்க வேண்டியது ரேக் விலைக்கு வந்துவிடும்.

எந்தப் பக்கம் திருப்புவது? மொத்த டோ, டோ அவுட்டாக இருந்து ஸ்டீயரிங்கும் இடப்பக்கம் சாய்ந்திருந்தால் வலது டை ராடை மட்டும் நீட்டுங்கள். உங்கள் வண்டியில் பெரும்பாலும் இதுதான். மொத்த டோ சரியாக இருந்து ஸ்டீயரிங் மட்டும் இடப்பக்கம் சாய்ந்திருந்தால் வலதை நீட்டி, அதே அளவு இடதைக் குறுக்குங்கள். வெளியே தெரியும் மரை இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட சமமாக வந்தால் எல்லாம் ஒழுங்கில் இருக்கிறது. ஒரு பக்கம் 1 செ.மீ. கூடுதலாகத் தெரிந்தால் திருப்புவதை நிறுத்தி, வளைந்த பாகத்தைத் தேடுங்கள்.

ஒவ்வொரு திருப்பலுக்குப் பின்னும் வண்டியை முன்னும் பின்னும் 3 மீட்டராவது உருட்ட வேண்டும். டயர் தரையைப் பிடித்துக்கொண்டிருப்பதால் உருட்டாமல் அளந்தால் பொய் அளவுதான் கிடைக்கும். ஜாக்கியிலிருந்து இறக்கிய உடனேயும் அப்படித்தான், சக்கரம் உள்வாங்கியபடி நிற்கும். அந்த உருட்டலைத் தவிர்க்க, ஒவ்வொரு முன் டயருக்கு அடியிலும் நடுவே கிரீஸ் தடவிய இரண்டு அலுமினியத் தகடுகள் வைக்கலாம். லாக் நட்டை இறுக்கும்போது டை ராடை இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொள்ளுங்கள். இறுக்கிய பின் கடைசியாக ஒரு முறை அளங்கள். நட் இறுகும்போதே அரை மி.மீ. நகர்ந்துவிடுவது சகஜம்.

பின்சக்கரங்களையும் அதே நூலில் அளந்துவிடுங்கள், செலவில்லாத வேலை. ஒன்று 3 மி.மீ. டோ இன், மற்றது 3 மி.மீ. டோ அவுட் என்று வந்தால் பின் அச்சே கோணலாக நிற்கிறது. முன்னால் திருகி ஸ்டீயரிங்கை நேராக்கினாலும் வண்டி கோணலாகவே ஓடும். அதற்குக் கம்ப்யூட்டர் அலைன்மெண்ட் கடைதான். வண்டியில் ஈ.எஸ்.பி. (வண்டி வழுக்காமல் காக்கும் மின்னணு அமைப்பு) இருந்து, வேலைக்குப் பின் அதன் விளக்கு எரிந்தால், ஸ்டீயரிங் ஆங்கிள் சென்சாரைப் பெரும்பாலும் ஸ்கேனர் வைத்துத்தான் மறுபடி பூஜ்யமாக்க வேண்டியிருக்கும்.

ஓட்டிப் பார்க்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுத்தால் உடனே டோவைக் குறை சொல்லாதீர்கள். நம் ரோடு மழைநீர் வடிய இடது ஓரத்துக்குச் சரிந்திருக்கும்; லேசான இடப்பக்க இழுவை இயல்பு. கூடுதலாக இழுத்தால் முன் டயர்களை இடம் வலம் மாற்றிப் பாருங்கள் (ஒரே திசையில் சுழலும்படி அம்புக்குறி போட்ட டயராக இல்லாவிட்டால்). இழுவை பக்கம் மாறினால் குற்றம் டயரில். மாறவில்லை என்றால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள்.

500 கி.மீ. ஓடியதும் முன் டயர் பட்டைகளின் மேல் குறுக்காக உள்ளங்கையைத் தேயுங்கள். இரண்டு திசையிலும் ஒரே மாதிரி வழுக்கினால் டோ சரி. உள்ளிருந்து வெளியே தேய்க்கும்போது மட்டும் ரம்பப் பல் போலக் குத்தினால் டோ இன் அதிகம், வெளியிலிருந்து உள்ளே தேய்க்கும்போது குத்தினால் டோ அவுட் அதிகம்.