பெரியப்பாவின் படங்களை என்ன செய்வது?

அன்புள்ள ஐயா,

என் பெரியப்பா குடியாத்தத்தில் டிராயிங் மாஸ்டராக இருந்தவர். வேலூரில் அச்சான ஒரு சிறுவர் கதைப் புத்தகத்துக்குப் படம் போட்டிருக்கிறார். அந்தப் படங்களை அவர் கையால் வரைந்த மூல அட்டைகள் எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் கிடக்கின்றன. வீட்டை இடித்துக் கட்டப் போகிறோம். "அதான் புத்தகம் இருக்கே, இது எதுக்கு?" என்கிறார் கணவர். லண்டனில் இருக்கும் மகளோ, சிறுவர் கதைகளை எழுதிப் படமும் போட்ட ஆங்கில எழுத்தாளர் பீட்ரிக்ஸ் பாட்டர் வரைந்த தையல்கார எலிகளின் மூலப் படங்களை டேட் அருங்காட்சியகம் காப்பாற்றி வைத்திருக்கிறது என்கிறாள். பாட்டரை உலகத்துக்கே தெரியும். பெரியப்பாவை யாருக்குத் தெரியும்?

ம., குடியாத்தம்

அன்புள்ள ம.,

மகள் பக்கம்தான் நான். ஆனால் புகழை விட்டுவிட்டுப் பேசுவோம்.

அந்த எலிகள் 1903இல் வெளிவந்த 'குளோஸ்டர் தையல்காரர்' கதையில் வருபவை. மேயரின் கல்யாணத்துக்குக் கோட்டும் உள்கோட்டும் தைக்க வேண்டிய கிழவர் காய்ச்சலில் படுத்துவிடுகிறார். எலிகள் ராத்திரியோடு ராத்திரியாகத் தைத்து முடிக்கின்றன. நூல் தீர்ந்துபோய் ஒரே ஒரு காஜா மட்டும் பாக்கி. தையல்காரர் எப்படி உட்கார்ந்து வேலை செய்கிறார் என்று பார்க்க, பாட்டர் தன் கோட்டுப் பொத்தானைத் தானே பிய்த்துக்கொண்டு ஒரு கடைக்குப் போனாராம். பூவேலை செய்த உள்கோட்டுக்கு, இன்று விக்டோரியா ஆல்பர்ட் என்று அழைக்கப்படும் அருங்காட்சியகத்தில் இருந்த 1770களின் உள்கோட்டைப் பார்த்து வரைந்தார். அந்த உடுப்பு இன்னும் அங்கேதான் இருக்கிறது.

உள்ளங்கை அளவு வாட்டர்கலர் படங்கள் அவை. மூன்று வண்ண பிளாக்கில், அதாவது படம் பதித்த உலோக அச்சுத் தகட்டில், அச்சாகும்போது எல்லாமே புள்ளிகளாக மாறிவிடும். மெல்லிய தூரிகைக் கோடு மங்கும். அச்சிட அச்சிட பிளாக்கும் தேயும். 1987இல் பாட்டர் புத்தகங்களைப் புதிதாகக் கொண்டுவந்தபோது, பதிப்பகம் மூல ஓவியங்களிலிருந்தே மறுபடி படமெடுத்துத்தான் அச்சிட்டது. மூலம் இல்லாமல் போயிருந்தால் பழைய அச்சையே நகலெடுத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். உங்கள் கணவரின் கேள்விக்கு இதுவே பதில்.

நம் ஊர்க் கதையும் இதுதான். ஓவியர் இந்தியன் இங்க் என்ற கறுப்பு மையில் பெரிதாக வரைவார், பிசகிய இடத்தில் வெள்ளைப் பெயின்ட் பூசுவார். கேமரா அதைச் சுருக்கும், துத்தநாக பிளாக் தயாராகும். மட்டமான தாளில் மை பரவி நெருக்கமான கோடுகள் ஒட்டிக்கொள்ளும். 1950இல் கல்கியில் பொன்னியின் செல்வன் தொடங்கியபோது மணியம் வரைந்த படங்களைப் பக்கம் பக்கமாகக் கிழித்து பைண்ட் செய்து வைத்தது நம் வாசகர்கள்தான். அதைச் சாதாரணமாக நினைக்க மாட்டேன். ஆனாலும் பழுப்பேறிய தாளை எவ்வளவு நல்ல ஸ்கேனரில் வைத்தாலும், அச்சில் விழாத கோடு திரும்பி வராது. வேலை முடிந்த அட்டையை யார் கேட்டார்கள்? பிரஸ் மூலையில் கிடந்து போனவையே அதிகம். உங்கள் வீட்டில் தப்பியிருக்கிறது!

சரி, வேலைக்கு வருவோம். தெருவுக்குத் தெரு லேமினேஷன் கடை இருக்கிறது. அந்தப் பக்கமே போகாதீர்கள். செல்லோடேப் ஒட்டாதீர்கள், மஞ்சளாகிக் கறை விடும். பிரேம் போட்டு வேலூர் வெயில் விழும் சுவரில் மாட்டுவதும் வேண்டாம். வாட்டர்கலர் வெளிச்சத்தில் வெளுக்கும் என்பதால்தான் அருங்காட்சியகங்களே அவற்றை நிரந்தரமாகக் காட்சிக்கு வைப்பதில்லை. பெட்டியின் இருட்டு இதுவரை நல்லதே செய்திருக்கிறது, துருவும் பூச்சியும்தான் கவலை. அமிலமில்லாத தாளை இடையில் வைத்து, மடிக்காமல், அட்டைப் பெட்டிக்கு மாற்றுங்கள்.

கொடுக்கும் எண்ணம் இருந்தால், வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் அரசு அருங்காட்சியகத்தை விட, தமிழ் அச்சையே சேகரிக்கும் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திடம் முதலில் கேட்பேன். அச்சான புத்தகத்தின் பிரதியையும் கூடவே கொடுங்கள். இரண்டும் சேர்ந்து இருந்தால்தான் எது மாறியது என்று பார்க்க முடியும்.

அதற்கு முன் எல்லா அட்டைகளையும் இரண்டு பக்கமும் போட்டோ எடுத்துவிடுங்கள். பிளாக் அளவு, பக்க எண், பிரஸ்காரர் கிறுக்கிய கணக்கு எல்லாம் பின்பக்கத்தில்தான் இருக்கும். முடிந்தால் எனக்கும் அனுப்புங்கள்.