முதலாளி வைத்த பாக்கிக்கு ஊழியரைச் சீனாவில் நிறுத்தி வைக்க முடியுமா?

கேள்வி: சென்னை பாரிமுனையில் ஃபேன்சி பொருள் மொத்த வியாபாரம் செய்யும் ஒருவருக்காகச் சீனாவின் யிவூ நகரில் தங்கிச் சரக்கு எடுத்து அனுப்புகிறேன். நான்கு மாதமாக அவர் கடைகளுக்குப் பணம் அனுப்பவில்லை. பொங்கலுக்கு ஊருக்கு வர டிக்கெட் போட்டிருக்கிறேன். “பணம் வராமல் நீ ஏர்போர்ட்டைத் தாண்ட முடியாது” என்கிறார்கள் கடைக்காரர்கள். உண்மையா?

பதில்: கடைக்காரர்களால் உங்களை நிறுத்த முடியாது, நீதிமன்றத்தால் முடியும். உங்கள் கேள்விக்கான பதிலே இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

2013 ஜூலை முதல் அமலில் இருக்கும் சீனக் குடிவரவுச் சட்டத்தின் 28ஆவது பிரிவைப் பாருங்கள். இன்னும் தீர்ப்பாகி முடியாத சிவில் வழக்கு ஒன்றில் நீங்கள் சம்பந்தப்பட்டிருந்து, நாட்டைவிட்டுப் போகக் கூடாது என்று நீதிமன்றமும் முடிவு செய்தால் எல்லையில் நிறுத்துவார்கள். வழக்கே இல்லையென்றால் கடைக்காரர் சொல்வது வெறும் மிரட்டல். ஆனால் வழக்கு போட்டது உங்கள் காதுக்கு வந்து சேரும் என்று நம்பி இருக்காதீர்கள். பலருக்கு பாஸ்போர்ட் கவுண்டரில் நிற்கும்போதுதான் தெரியவருகிறது. ஒரு மனிதனின் பயணத்தைத் தடுக்கும் முடிவை அவனிடம் முன்கூட்டியே சொல்ல என்ன தயக்கம்? பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், பதில் கிடைத்தபாடில்லை.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அங்கே உங்கள் முதலாளியின் பெயரில் பதிவான கம்பெனி இருக்கிறதா? இருந்தால் அதன் லைசென்ஸில் ‘சட்டப்பூர்வப் பிரதிநிதி’, அதாவது கம்பெனி சார்பில் சட்டப்படி பொறுப்பேற்பவர், என்று யார் பெயர் இருக்கிறது? அரசின் நிறுவனப் பதிவு இணையதளத்தில் இதை இலவசமாகவே பார்க்கலாம். கம்பெனிமேல் வழக்கு வந்தால் பயணத் தடை முதலில் அந்தப் பெயரைத்தான் தேடும். பணத்தைக் கையாளும் பொறுப்பில் இருப்பவரையும் விட்டுவைக்காது. “உங்கள் பெயரில் போட்டால் விசா சுலபம், வெறும் ஃபார்மாலிட்டிதான்” என்று சொல்லி, மாதச் சம்பளத்துக்கு வந்த பையன்களின் பெயரை அந்த இடத்தில் எழுதிவைக்கும் ஏஜெண்டுகள் யிவூவில் இருக்கிறார்கள். முதலாளி சென்னையில் ஏசி அறையில் இருப்பார், வழக்கு பையன் தலையில் விழும். உங்கள் பெயர் அங்கே இருந்தால் இந்தப் பதிலை மேற்கொண்டு படிப்பதற்கு முன் ஒரு வக்கீலைப் பாருங்கள்.

பெயர் இல்லையா? சரி. அப்படியானால் இனிமேல் உங்கள் பெயர் எதிலும் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கடையில் ஆர்டர் போடும்போது கார்பன் வைத்த சிட்டை எழுதுவார்கள் அல்லவா: மாடல் எண், எத்தனை பெட்டி, முன்பணம், மீதி, கீழே ஒரு கையெழுத்து. அதில் கம்பெனியின் பெயர் சீன எழுத்தில் முழுமையாக இருக்க வேண்டும். வெறும் ‘குமார்’ என்று எழுதிப் போன் நம்பர் போட்டிருந்தால், வாங்கியது குமார்தான் என்று வாதாடுவார்கள். வீசாட் செயலியில் “அடுத்த வாரம் நான் தந்துவிடுகிறேன்” என்று ஆறுதலுக்குக்கூட எழுதாதீர்கள். 2020 மே முதல் அமலில் உள்ள சாட்சிய விதிகள் அந்த மாதிரிச் செய்திகளையும் சாட்சியமாக ஏற்கின்றன. இரவு பத்து மணிக்கு ஆபீசில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்துகொண்டு கடன் சீட்டை நீட்டினாலும் உங்கள் பெயரில் கையெழுத்துப் போடக் கூடாது. முதலாளியின் கடன் உங்கள் கடனாக மாறுவது அந்த ஒரு கையெழுத்தில்தான்.

கதவை அடைத்து வெளியே விடாவிட்டால் சீனப் போலீஸின் அவசர எண் 110க்குப் போன் செய்யுங்கள். கடனை வசூலிப்பதற்காக என்றாலும் ஒருவரை அடைத்துவைப்பது சீனக் குற்றவியல் சட்டம் 238ஆவது பிரிவின்படி குற்றம். வரும் போலீஸ்காரர் “இது பொருளாதாரத் தகராறு, பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்” என்று நழுவப் பார்ப்பார். அவரையும் புரிந்துகொள்ள வேண்டும். தன் பகுதியில் கூட்டம் கூடாமல், புகார் மேலிடத்துக்குப் போகாமல் பார்த்துக்கொள்வதை வைத்தே அங்கே அதிகாரிகளை எடைபோடுகிறார்கள். இருபது கடைக்காரர்கள் ஒருபக்கம், ஒரு வெளிநாட்டுக்காரர் மறுபக்கம் என்றால் அழுத்தம் எந்தப் பக்கம் விழும் என்று சொல்லத் தேவையில்லை. கடைக்காரர்களையும் முழுக்கக் குறை சொல்ல மனம் வரவில்லை. கடனுக்குச் சரக்கு கொடுத்து, ஓடிப்போன வெளிநாட்டு வியாபாரிகளால் நொடித்துப்போன குடும்பங்கள் அங்கே நிறைய. பொங்கல் சமயம்தான் சீனப் புத்தாண்டுக்கு முன் அவர்கள் கணக்கை முடித்துச் சம்பளம் கொடுக்க வேண்டிய சமயமும்.

2011 டிசம்பரில் இதே யிவூவில், முதலாளி தலைமறைவானதால் இரண்டு இந்திய ஊழியர்களைச் சப்ளையர்கள் பிடித்துவைத்தார்கள். அவர்களை மீட்கப்போன இந்தியத் தூதரக அதிகாரி எஸ். பாலச்சந்திரன், நீரிழிவு நோயாளி, உணவும் மருந்தும் இல்லாமல் நீதிமன்றத்திலேயே மயங்கி விழுந்தார். அதன்பிறகுதான் யிவூவில் வியாபாரம் செய்ய வேண்டாம் என்று நம் தூதரகம் எச்சரித்தது. எச்சரிக்கை யார் நினைவிலும் இப்போது இல்லை.

ஒரு விதிவிலக்கை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். உங்கள் ஆபீசில் உள்ளூர்ப் பெண் ஒருவர் கணக்கு எழுத, ஒரு பையன் குடோனில் பெட்டி கட்ட இருக்கலாம். அவர்களுக்குச் சம்பளப் பாக்கி இருந்தால் விஷயமே வேறு. அதே 28ஆவது பிரிவில் கூலிப் பாக்கிக்குத் தனி உட்பிரிவு இருக்கிறது. அங்கே நீதிமன்றம் தேவையில்லை, மாகாண அரசின் முடிவே போதும். கொடுக்க வசதி இருந்தும் கூலி கொடுக்காமல் ஏய்ப்பது 2011 முதல் குற்றமும்கூட. பெரிய சப்ளையர் பாக்கிக்கு உயிரை விடுகிறவர்கள் இந்த இரண்டு பேரின் சம்பளத்தை மறந்துவிடுகிறார்கள். முதலாளியிடம் முதலில் இதைக் கேட்டு வாங்குங்கள். கொடுத்ததற்கு ரசீதில் கையெழுத்து வாங்குங்கள்.

அப்புறம், “குடிவரவு அலுவலகத்தில் என் ஆள் இருக்கிறார், தடை இருந்தால் எடுத்துவிடலாம்” என்று ஒருவர் வருவார். கண்டிப்பாக வருவார். தடை விலகப் பணம் கட்ட வேண்டும், அல்லது பிணையம் கொடுக்க வேண்டும், அல்லது வழக்கு போட்டவருடன் சமரசமாகி நீதிமன்றத்தில் எழுதிக்கொடுக்க வேண்டும். அந்த ஆளிடம் கொடுக்கும் பணம் திரும்ப வராது.

சமரசத்துக்கு யிவூவிலேயே வெளிநாட்டு வியாபாரிகளையும் நடுவர்களாகக் கொண்ட ஒரு மத்தியஸ்தக் குழு இருக்கிறது. முதலாளி ஒரு பகுதியாவது அனுப்பினால் அங்கே போய் மீதிக்குத் தவணை எழுதுங்கள், கம்பெனியின் பெயரில். கிளம்புவதற்கு முன், யிவூ இருக்கும் ஜெஜியாங் மாகாணத்தைக் கவனிக்கும் ஷாங்காய் இந்தியத் துணைத் தூதரகத்துக்கு உங்கள் நிலைமையை எழுதிவையுங்கள். விமான நிலையத்தில் நிறுத்தினால் வாக்குவாதம் வேண்டாம். எந்த நீதிமன்றம், வழக்கு எண் என்ன என்று மட்டும் கேட்டுக் குறித்துக்கொண்டு, அங்கிருந்தே தூதரகத்துக்கும் வக்கீலுக்கும் போன் செய்யுங்கள்.