கூஜா மாமாவை ஏலத்தில் எடுக்கலாமா?

கேள்வி: 1960களில் ஒரு தமிழ் வார இதழில் வந்த நகைச்சுவைப் பயணக் கட்டுரைக்கு வரைந்த ஒரிஜினல் படம், இங்கே மும்பையில் ஏலத்துக்கு வருகிறது. ரயில் ஜன்னலில் கூஜாவும் கையுமாகத் தலையை நீட்டும் மாமா. அசல்தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எதுவரை கேட்கலாம்?
– மாட்டுங்கா வாசகர்

பதில்: ஏலத்துக்கு முன்னால் படங்களைப் பார்க்க விடுவார்கள். பத்து மடங்கு லென்ஸோடு போங்கள். கோடு புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அச்சு. தெரியாவிட்டால் உடனே அசல் என்று முடிவு கட்டாதீர்கள். கோட்டுப் படத்துக்கான பழைய பிளாக்கில், அதாவது அச்சடிக்கும் உலோகத் தகட்டில், புள்ளியே விழாது.

அழித்த பென்சில் தடம், தப்பை மறைத்த வெள்ளை பெயின்ட், ஓரத்தில் அகலம் குறித்த நீலப் பென்சில் எழுத்து இருக்கிறதா பாருங்கள். பிளாக் செய்யப் படமெடுக்கும் கேமராவில் விழாது என்பதால்தான் நீலம். பெரும்பாலும் அச்சில் வந்ததைவிடப் பெரிதாகவே வரைவார்கள். பளிச்சென்று ஓர் அழுக்கும் இல்லாத படம் என்றால் எங்களுக்குச் சந்தேகம்தான்.

அந்த இதழைத் தேடிப் பிடித்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் விசாரிக்கலாம். கூஜாவின் வயிற்றில் நெருக்கமாகப் போட்ட கோடுகள் அச்சில் மை அப்பி ஒரே கறுப்பாகியிருக்கும். அசலில் ஒவ்வொன்றும் தனித்தனியாக நிற்கும். அச்சைப் பார்த்துக் காப்பியடித்தவர் அந்த அப்பலையும் சேர்த்தே வரைந்திருப்பார். ஜன்னல் கம்பி, அச்சில் வெட்டுப்பட்ட இடத்தோடு சரியாக நின்றுபோனாலும் உஷார்.

பணம்: சுத்தியல் விழும் விலை உங்கள் விலை அல்ல. 60,000 ரூபாய்க்கு முடிந்து, ஏலக்காரர் கமிஷன் 20 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் அதுவே 12,000. அதற்கு மேல் ஜிஎஸ்டி, பேக்கிங். எல்லாவற்றையும் கழித்த பிறகு உங்கள் உச்சத்தை ஒரு தாளில் எழுதிவிடுங்கள். ஆன்லைன் ஏலத்தில் கடைசி நிமிடத்தில் யாராவது விலை கேட்டால் பல இடங்களில் நேரம் நீளும், கை துறுதுறுக்கும்.

கேள்வி: வாங்கிய படத்தை எங்கள் சங்க மலரின் அட்டையில் போடலாமா? மழைக்காலத்தில் எப்படிக் காப்பது?
– செம்பூர் வாசகி

பதில்: காகிதம்தான் உங்களுடையது, பதிப்புரிமை கூடவே வராது. ஓவியர் காலமாகி 60 ஆண்டு வரை அது நீடிக்கும். ஓவியர் கோபுலு மறைந்தது 2015இல். அவர் படம் என்றால் 2075 முடிய. உரிமை ஓவியர் குடும்பத்திடமா, பத்திரிகையிடமா என்று விசாரித்து எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

லாமினேஷன் கூடவே கூடாது. செலோடேப் ஒட்டினால் பழுப்புக் கறை பிடிக்கும், பிறகு போகாது. அமிலமில்லாத அட்டையில் மவுண்ட் செய்து, கண்ணாடி படத்தில் படாமல் இடைவெளி விட்டு ஃப்ரேம் போடச் சொல்லுங்கள். ஒட்டிக்கொண்டிருந்தால் ஜூலை ஈரத்தில் உள்ளே வேர்த்துப் பூஞ்சை வரும். வெளிச்சுவரிலும் பாத்ரூம் சுவரிலும் மாட்டாதீர்கள்.